காய்ந்த கரம்பையில் தண்ணீர் விட்டதும் நீந்துவது என்ன? எங்கிருந்து வந்தது?

#1 திருமங்கலம்_டீச்சர்

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஊர்க் கம்மாய் பங்குனியிலேயே வற்றிப்போனது. ஆனி பிறந்தும் மழை இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பிள்ளைகள் ஒரு பாளத்தைப் பெயர்த்து, அடிப்பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி கரம்பையை, அதாவது கம்மாயில் படிந்த வண்டல் களிமண்ணை, சுரண்டி எடுத்து வந்தார்கள். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் அதைப் போட்டு மூடி வைத்தோம். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் அதே தண்ணீர், மண் இல்லாமல். அதற்கும் மூடி.

மறுநாள் காலை மண் போட்ட கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஃபோல்ட்ஸ்கோப்பில் (காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியில்) பார்த்தால், நிறமே இல்லாத, ஒரு பக்கம் உள்வாங்கிய சிறுநீரக வடிவத்தில் எக்கச்சக்கமான உயிர்கள். சுழன்று சுழன்று நீந்துகின்றன. மண் துணுக்கில் முட்டினால் பின்வாங்கி வேறு பக்கம் திரும்புகின்றன. மண் போடாத கிண்ணத்தில் ஒன்றுமே இல்லை.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அப்படியே வைக்கிறேன். இது எந்த உயிர்? மூன்று மாதம் காய்ந்த மண்ணில் எங்கே இருந்தது? கொதிக்க வைத்த தண்ணீரில் எதைத் தின்கிறது? கண், மூளை எதுவும் இல்லாமல் முட்டினால் திரும்பத் தெரிவது எப்படி? பாடப்புத்தகத்தில் அமீபா, பாரமீசியம், யூக்ளினா மூன்றுக்கும் படம் இருக்கிறது. அந்தப் படங்களோடு இது ஒத்துப்போகவில்லை.

#2 துளிநீர்

டீச்சர், வடிவத்தையும் நேரத்தையும் வைத்துச் சொன்னால் அது கொல்போடா. குற்றிழைகளால், அதாவது உடம்பின்மேல் மயிர் மாதிரி இருக்கும் குட்டை இழைகளால், நீந்தும் ஒற்றைச் செல் உயிர், பாரமீசியத்துக்கு உறவு. இனத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 15 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கும் என்பதால் தாராளமாகத் தெரியும். உலகத்தில் எந்த ஊர் மண்ணை நனைத்தாலும் அநேகமாக முதலில் எழுந்து வருவது இதுதான்.

நீங்கள் மண் போடாமல் வைத்த இரண்டாவது கிண்ணம் இருக்கிறதே, அதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. காற்றிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்திருந்தால் அதிலும் இருந்திருக்கும். ஆக, வந்தது மண்ணிலிருந்து.

தண்ணீர் குறைய ஆரம்பித்ததும், அல்லது இரை தீர்ந்ததும், கொல்போடா நீந்துவதை நிறுத்தி உருண்டையாகிறது. குற்றிழைகள் மறைகின்றன. உள்ளே இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிட்டு, தன்னைச் சுற்றி அடுக்கடுக்காக ஒரு சுவரைச் சுரக்கிறது. இதுதான் சிஸ்ட். உள்ளே வேலை எதுவும் நடப்பதாகவே தெரியாது. இப்படியே வருடக்கணக்கில் கிடக்கும்.

அடுத்த தடவை மண்ணை நனைத்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு எடுத்து, மண் துகள்களுக்கு நடுவே அசையாமல் கிடக்கும் சின்னச் சின்ன உருண்டைகளைத் தேடி, அதில் ஒன்றையே விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் உள்ளே ஒரு தெளிந்த குமிழ் தோன்றும். பெரிதாகும், சட்டென்று மறையும், மறுபடி தோன்றும். செல்லுக்குள் மிகுதியாகச் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சுருங்கும் நுண்குமிழ் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள்ளேயே செல் மெல்லச் சுழல ஆரம்பிக்கும், ஏனென்றால் குற்றிழைகள் திரும்ப முளைத்துவிட்டன. பிறகு சுவர் ஒரு இடத்தில் கிழிந்து, உடம்பை நெருக்கிக்கொண்டு வெளியே வரும். இதை ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டால் நாம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

என்ன தின்கிறது என்றால், பாக்டீரியாவை. தண்ணீரைத்தான் நீங்கள் கொதிக்க வைத்தீர்கள், மண்ணை இல்லை. மண்ணில் உறங்கிய பாக்டீரியா முதலில் விழித்துப் பெருகுகிறது, அதைத் தின்னக் கொல்போடா பின்னாலேயே எழுகிறது. பெருகும் விதமும் தனி. பாரமீசியம் நீந்திக்கொண்டே இரண்டாகப் பிளக்கும். கொல்போடா மெல்லிய சுவர் ஒன்றைச் சுரந்து அதற்குள் அடங்கி, பெரும்பாலும் நான்காகப் பிரிந்து வெளியே வரும். ஒரே நாளில் சொட்டு நிறைந்துவிடுவது அதனால்தான்.

#3 மேலூர்க்காரன்

டீச்சர் போட்டத ராத்திரிதான் படிச்சேன். நாங்க ஒவ்வொரு கோடையிலயும் கம்மா கரம்பைய டிராக்டர்ல அடிச்சு வயல்ல கொட்டுற ஆளுக. ரெண்டு சந்தேகம்ணே.

சித்திர வெயில்ல கம்மாத் தரையில செருப்பு இல்லாம கால வைக்க முடியாது. அம்புட்டுச் சூட்ட கண்ணுக்குத் தெரியாத உசுரு எப்படித் தாங்குது? நம்ம வச்ச நாத்தே ரெண்டு நாள் தண்ணி இல்லாட்டிக் கருகிருது.

இன்னொன்னு, கரம்பை அடிச்ச வருசம் வெள்ளாமை நல்லா வருது. எங்க அப்பா காலத்துல இருந்தே தெரியும். அதுல இந்த உசுருகளுக்குப் பங்கு இருக்கா, இல்ல அது வேற கதையா?

#4 துளிநீர்

அண்ணே, நல்ல கேள்வி. சூட்டில் செல் சாவதற்குப் பெரிய காரணம் உள்ளே இருக்கும் தண்ணீர். சூடேறினால் தண்ணீருக்குள் இருக்கும் புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சிஸ்ட்டுக்குள் தண்ணீர் மிகக் குறைவு, புரதம் அசைய இடமில்லை, அதனால் உருக்குலையவும் வழியில்லை. நனைந்த கொல்போடா தாங்காத சூட்டைக் காய்ந்த கொல்போடா தாங்கும். அதோடு மேல்தரை கொதிக்கிற அளவுக்குப் பாளத்தின் அடிப்பக்கம் கொதிக்காது. டீச்சரின் பிள்ளைகள் அடியில் சுரண்டியது நல்லதாகப் போயிற்று.

ஆனால் எல்லா உயிருக்கும் இந்தத் திறமை இல்லை. அதுவும் சட்டென்று காய்ந்தால் கொல்போடாவே செத்துப்போகும். சுவரைச் சுரந்து முடிக்க அதற்குச் சில மணி நேரம் வேண்டும். கம்மாய் மெதுவாக வற்றுவதால் அந்த அவகாசம் கிடைக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கரம்பையால் வெள்ளாமை கூடுவதற்கு முதல் காரணம் களிமண்ணும் அதில் படிந்த சத்தும் ஈரம் பிடிக்கும் தன்மையும். ஒற்றைச் செல் உயிர்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது உங்கள் வயல் மண்ணிலும் ஏற்கெனவே நடக்கிற வேலை. பாக்டீரியா மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். அப்படி இருக்கும்வரை பயிருக்குக் கிடைக்காது. கொல்போடாவும் மண் அமீபாக்களும் அந்த பாக்டீரியாவைத் தின்னும். தின்றதில் கார்பனை எரித்துச் சுவாசிக்கும், தனக்கு மிஞ்சிய நைட்ரஜனை அம்மோனியமாக வெளியே விடும். அதை வேர் எடுத்துக்கொள்ளும். வேரைச் சுற்றித்தான் பாக்டீரியா அதிகம், அதனால் தின்கிற கூட்டமும் அங்கேதான் அதிகம். ஸ்வீடனைச் சேர்ந்த மரியான் கிளார்ஹோம் 1985-இல் கோதுமைச் செடிகளை வைத்து இதைக் காட்டினார். அமீபா இருந்த மண்ணில் வளர்ந்த செடி, பாக்டீரியா மட்டும் இருந்த மண்ணில் வளர்ந்ததைவிட அதிக நைட்ரஜன் எடுத்திருந்தது.

வற்றிய கம்மாயை "சும்மா கிடக்கிற தரை" என்று சொல்லி மேடாக்கிப் பிளாட் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு சொட்டைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தண்ணீர் இல்லாத கம்மாய் உயிரில்லாத கம்மாய் அல்ல.

#5 வாடிப்பட்டி_ஃபைட்டர்

நான் ஃபைட்டர் மீன் குஞ்சு எடுக்கிறேன். முட்டை பொரித்து முதல் சில நாளைக்குக் குஞ்சின் வாய்க்கு ஆர்ட்டீமியா (குட்டி உப்புநீர் இறால்) பெரிது, இன்ஃபுசோரியாதான், அதாவது ஊறிய தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்கள்தான், கொடுப்போம். வாழைப்பழத் தோல் அல்லது முட்டைக்கோஸ் இலையை ஊறப்போட்டால் முதலில் தண்ணீர் பால் நிறமாகக் கலங்கி நாறும். பிறகு மெல்லத் தெளியும். தெளிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் ஓடும். பாக்டீரியா பெருகும்போது கலக்கம், அதைப் பாரமீசியம் தின்று தீர்க்கும்போது தெளிவு. கலங்கிய தண்ணீரை ஊற்றினால் குஞ்சு செத்துவிடும், தெளிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

துளிநீர் அண்ணே, ஒரு கோடையில் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் என் ஜாடி அடியோடு காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றி நாள் கணக்கில் காத்திருந்தும் பாரமீசியம் வரவில்லை. டீச்சர் மண்ணில் மட்டும் எப்படி ஒரே நாளில் வந்தது?

#6 துளிநீர்

தம்பி, டீச்சருக்கு வந்தது பாரமீசியம் அல்ல. பாரமீசியம் சிஸ்ட் ஆகும் என்று அவ்வப்போது யாராவது எழுதியிருக்கிறார்கள், மறுக்க முடியாதபடி ஒருவரும் காட்டியதில்லை. வைக்கோலை ஊறவைத்தால் பாரமீசியம் வரும் என்று பல புத்தகங்களில் இருக்கும். குளத்துத் தண்ணீரில் ஊறவைத்தால் வரும், காய்ச்சி ஆறிய தண்ணீரில் வைத்தால் கொல்போடாதான் வரும். உங்கள் ஜாடி காய்ந்ததும் அந்தக் கூட்டமே முடிந்துவிட்டது. கம்மாய்க்குள் பாரமீசியம் திரும்ப வருவது கால்வாய்த் தண்ணீரோடும், வற்றாத பள்ளங்களிலிருந்தும்தான். அதனால் எப்போதும் இரண்டு ஜாடி வைத்திருங்கள், ஒன்றை ஈரம் குறையாமல் மூடி.

பாரமீசியம் தின்பதைப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் செய்தது இது. ஈஸ்ட்டைக் காங்கோ சிவப்புச் சாயத்தில் கொதிக்க வைத்து, அதில் துளியூண்டு எடுத்துப் பாரமீசியச் சொட்டில் விடுவோம். (காங்கோ சிவப்பு நச்சுள்ளது, ஆய்வகத்தில் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வேண்டாம்.) அது நிற்காமல் ஓடும், ஆகவே நாலைந்து பஞ்சு இழைகளைச் சொட்டில் பிரித்துப் போட்டால் இழைகளுக்கு இடையில் மாட்டி ஓரிடத்தில் நிற்கும். அப்போது பார்க்க வேண்டும். உடம்பின் ஒரு பக்கம் சரிவாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக் குற்றிழைகள் தண்ணீரைச் சுழற்றி உள்ளே இழுக்கின்றன, சிவப்பு ஈஸ்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பள்ளத்தின் அடியில் ஒரு சிவப்பு உருண்டையாகச் சேர்கின்றன. உருண்டை ஒரு அளவு வந்ததும் பிரிந்து செல்லுக்குள் நகர்கிறது. அதுதான் உணவுக் குமிழ். சில நிமிடத்தில் அந்தச் சிவப்பு ஊதாவாகி நீலமாகிறது. காங்கோ சிவப்பு அமிலம் பட்டால் நீலமாகும் சாயம். குமிழுக்குள் அமிலம் ஊறிவிட்டது, விழுங்கப்பட்டது உயிரோடிருந்தால் அங்கேயே சாகும். அதன் பிறகு செரிக்கும் நொதிகள் வந்து கலக்கின்றன, அமிலம் குறைகிறது, நிறம் மறுபடி சிவப்புப் பக்கம் திரும்புகிறது. குமிழ் செல்லுக்குள் ஒரு சுற்று வந்து, மிஞ்சிய சக்கை பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே வெளியேறும். வாய், வயிறு, குடல், ஆசனவாய் நான்கின் வேலையும் கால் மில்லிமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல்லுக்குள் நடக்கிறது. எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன், அந்த நீலம் வரும் நேரத்தில் யாரும் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள்.

தின்னும் முறையில் மற்றதெல்லாம் வேறு வேறு. அமீபா உடம்பையே நீட்டி இரையைச் சுற்றி வளைக்கும். டிடினியம் என்று ஒன்று, பாரமீசியத்தைப் பார்த்தால் நச்சிழையை எய்து மரக்க வைத்து, தன் உடம்பைவிடப் பெரிய அதை முழுசாக விழுங்கும். பாரமீசியம் பர்சாரியா பச்சைப்பாசிச் செல்களை விழுங்கியும் செரிக்காமல் உள்ளேயே வாழவிட்டு, அவை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். பச்சையாகவே நீந்தும், வெளிச்சம் தேடிப் போகும்.

#7 திருமங்கலம்_டீச்சர்

முட்டினால் திரும்புவது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, சார். பிள்ளைகள் விட மாட்டேன் என்கிறார்கள்.

#8 துளிநீர்

வருகிறேன் டீச்சர். முதலில் அந்த அளவில் தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீர் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். நாம் கிணற்றில் கையை வீசி நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் மிதந்து போவோம். பாரமீசியத்துக்கு அது கிடையாது. கருப்பட்டிப் பாகுக்குள் நீந்தினால் எப்படியோ அப்படி, குற்றிழை நின்ற அந்த நொடியே உடம்பும் நின்றுவிடும். அங்கே ஒரே அசைவை முன்னும் பின்னும் திரும்பத் திரும்பச் செய்தால் போன தூரம் திரும்பி வந்துவிடும். இதை இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-இல் விளக்கமாக எழுதினார். அதனால்தான் குற்றிழை தள்ளும்போது விறைத்து நீண்டு தள்ளுகிறது, திரும்பும்போது வளைந்து உடம்பை ஒட்டியபடி வருகிறது. ஆயிரக்கணக்கான இழைகள் அலையலையாக இதைச் செய்வதில் பாரமீசியம் நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் போகும்.

முன்பக்கம் எதிலாவது முட்டினால் அங்கே செல்லின் சவ்வில் மின் அழுத்தம் மாறுகிறது. குற்றிழைகளில் இருக்கும் கால்சியம் வாயில்கள் திறந்து வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் ஏறினால் குற்றிழை எதிர்த்திசையில் அடிக்கும். உடம்பு பின்னால் போகிறது. கால்சியத்தை வெளியே இறைத்து முடித்ததும் இழைகள் பழையபடி அடிக்கும், அதற்குள் உடம்பு கொஞ்சம் திரும்பியிருக்கும், வேறு திசையில் புறப்படும். பின்பக்கத்தைத் தொட்டால் பொட்டாசியம் வெளியேறி, இழைகள் இன்னும் வேகமாக முன்னால் தள்ளும். இவ்வளவும் நம் நரம்பு செல்லில் நடப்பதற்கு நெருங்கிய சங்கதி. 1970-களின் தொடக்கத்தில் சிங் குங் என்பவர் பின்வாங்கவே தெரியாத பாரமீசியங்களைப் பிரித்தெடுத்தார். அவற்றில் அந்தக் கால்சியம் வாயில் வேலை செய்யவில்லை. சதுரங்கத்தில் பின்னால் போக முடியாத சிப்பாயின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்.

#9 கோரிப்பாளையம்_குறியாளர்

நான் மென்பொருள் ஆள், உயிரியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பதிய வேண்டும். மேலே சிலர் "தேடிப் போகும்", "தெரிகிறது" என்றெல்லாம் எழுதுகிறீர்கள். முட்டினால் கால்சியம், கால்சியம் வந்தால் ரிவர்ஸ். அவ்வளவுதான். இதில் தெரிவதற்கும் முடிவெடுப்பதற்கும் என்ன இருக்கிறது? பிள்ளைகளிடம் இதை உயிர் யோசிக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் பிறகு திருத்துவது கஷ்டம்.

#10 துளிநீர்

பாரமீசியம் முட்டித் திரும்புவதைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் எல்லாமே அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை.

ஸ்டென்டர் ரோசெலி என்று ஒரு ஒற்றைச் செல் உயிர். நீண்ட எக்காள வடிவம், அடியால் எதிலாவது ஒட்டிக்கொண்டு வாய்ப்பக்கக் குற்றிழைகளால் இரையை இழுக்கும். ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கர் அதன் வாய்மேல் கார்மைன் என்ற சிவப்புச் சாயத் தூளைத் தூவிக்கொண்டே இருந்தார். முதலில் அது ஒரு பக்கம் வளைந்து விலகியது. தூள் நிற்காததால் குற்றிழைகளை எதிர்த்திசையில் அடித்துத் தூளைத் தள்ளியது. அதுவும் பலிக்காமல் உடம்பைச் சுருக்கிக்கொண்டது. பலமுறை சுருங்கியும் தூள் வந்துகொண்டே இருந்ததால், பிடியை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு நீந்திப்போனது. தூண்டுதல் ஒன்றுதான், பதில் மட்டும் படிப்படியாக மாறியது. 1906-இல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார்.

1967-இல் வேறொரு குழு இதைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. அவர்கள் பயன்படுத்தியது ஸ்டென்டர் செருலியஸ், வேறு இனம். அது அதிகம் நீந்தும். ஒட்டிக்கொண்டே இருப்பது அதன் வழக்கமில்லை. இருந்தாலும் ஜென்னிங்ஸ் பேச்சு அதோடு அடங்கிப்போனது. 2019-இல் ஹார்வர்டில் ஜெரமி குணவர்தனாவின் குழு சரியான இனத்தையே தேடிப் பிடித்து, தூளுக்குப் பதில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைச் செலுத்திப் படம் பிடித்தது. ஜென்னிங்ஸ் சொன்ன படிநிலைகள் இருக்கின்றன, ஒவ்வொரு செல்லும் அதே வரிசையில் முழுதாகச் செய்வதில்லை, ஆனால் சுருங்குவதற்கு முன் வளைவதும் தள்ளுவதும் வருகின்றன என்று காட்டினார்கள்.

இதை யோசனை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு என்ன நடந்தது என்பது அந்தச் செல்லுக்குள் எங்கோ பதிந்திருந்தால்தான் ஒரே தூளுக்கு வேறு வேறு பதில் வர முடியும். எங்கே பதிகிறது என்பது பிள்ளைகளிடம் திறந்த கேள்வியாகவே விட வேண்டியது.

#11 கோரிப்பாளையம்_குறியாளர்

நிலையைச் சேமித்து வைக்கிறது, அதை வைத்து அடுத்த செயலைத் தேர்கிறது. இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். "படிப்படியாக மாறுகிறது" என்று வகுப்பில் சொல்லலாம், "கோபம் வருகிறது" என்று சொல்ல வேண்டாம். அவ்வளவே என் வேண்டுகோள்.

#12 அலங்காநல்லூர்_கால்நடை

கால்நடை உதவியாளராக இருக்கிறேன். நம்ம மாட்டு வயிற்றுக்குள் இருப்பதை யாரும் சொல்லவில்லையே. அசையூணில், அதாவது முதல் வயிற்றில், ஒரு மில்லிலிட்டர் சாற்றில் லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை குற்றிழை உயிர்கள் இருக்கும், அதிகம் எண்டோடினியம். பாரிஸில் குருபி, டெலாஃபோன் என்ற இருவர் 1843-இல் கண்டார்கள். மாவுச்சத்தையும் பாக்டீரியாவையும் விழுங்கும், சில இனங்கள் வைக்கோல் நாரையே செரிக்கும். காற்று பட்டால் செத்துவிடும்.

மேலே பேசுவதற்கு நேர் எதிரான விஷயம் ஒன்று இதில் உண்டு. இவற்றுக்குச் சிஸ்ட் கிடையாது. கன்று பிறக்கும்போது அதன் வயிற்றில் இவை இல்லை. தாய் நக்குவதிலும், ஒரே தொட்டியில் வாய் வைப்பதிலும் எச்சில் வழியாகத்தான் போய்ச் சேருகின்றன. பிறந்ததிலிருந்து மற்ற மாடுகளை அண்டவிடாமல் வளர்த்த கன்றுக்கு வருவதே இல்லை. ஜல்லிக்கட்டுக் காளையோ, கறவை மாடோ, எல்லாவற்றுக்கும் அதன் தாயோ கூட்டாளியோ கொடுத்ததுதான். அதே மாதிரி கரையான் வயிற்றிலும் உண்டு என்று படித்திருக்கிறேன், மரத்தைச் செரிப்பதே அவைதானாம்.

#13 துளிநீர்

மாட்டு விஷயத்தை நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் சார். சிஸ்ட் வேண்டியது வீடு வற்றுகிற உயிருக்கு. மாட்டு வயிறு வற்றுவதில்லை.

கரையானில் ஒரு பாகுபாடு இருக்கிறது. 1920-களில் கிளீவ்லண்ட் என்பவர் சில கரையான்களின் குடலில் இருந்த கசையிழை உயிர்களை (சாட்டை மாதிரி நீண்ட இழையால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்களை) மட்டும் கொன்றார். கரையான் மரத்தைத் தின்றுகொண்டே பட்டினியால் செத்தது. நம் வீட்டு வாசல் நிலையை அரிக்கும் காப்டோடெர்மிஸ் அந்த வகை. ஆனால் அழகர்மலைப் பக்கம் நீங்கள் பார்க்கும் பெரிய புற்றைக் கட்டுவது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மிஸ், அதன் குடலில் இவை இல்லை. அது புற்றுக்குள் காளான் வளர்த்து அதை வைத்துச் செரிக்கிறது. மழைக்குப் பின் நாம் பறித்துச் சமைக்கும் புற்றுக்காளான் அதே காளான்தான்.

#14 உசிலம்பட்டி_செல்வி

எங்கள் ஊர் ஊருணி காலையில் பச்சையாக இருக்கிறது, உச்சி வெயிலில் செங்கல் நிறத்தில் ஏடு படர்கிறது, சாயங்காலம் திரும்பவும் பச்சை. ஊரில் ஏதேதோ பேசுகிறார்கள். இதுவும் இந்த உயிர்தானா?

#15 துளிநீர்

அக்கா, ஒரே நாளில் நிறம் மாறித் திரும்புகிறது என்றால் அநேகமாக யூக்ளினா சாங்குயினியா. இதற்குப் பச்சையமும் உண்டு, சிவப்பு நிறமியும் உண்டு. கடும் வெயிலில் சிவப்பு நிறமி செல்லின் ஓரத்துக்குப் பரவிப் பச்சையத்தை மறைத்துக் காக்கிறது, வெயில் தணிந்தால் நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது. வெயிலில் உணவு தயாரிக்கும், தண்ணீரில் கரைந்த சத்தையும் உறிஞ்சும். முன்னால் இருக்கும் கசையிழையால் தன்னை இழுத்துக்கொண்டு போகும், சேற்றில் உடம்பை உப்பியும் நீட்டியும் நெளிந்து நகரும். சாக்கடையோ மாட்டுக் கழிவோ நிறையச் சேர்ந்தால்தான் இப்படிப் படரும். இந்த இனம் மீனைக் கொல்லும் நச்சை உண்டாக்கக்கூடியது. ஆகவே ஏடு படர்ந்த நாட்களில் மாட்டைக் குடிக்க விடாதீர்கள், கழிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, ஊரில் பேசி அந்த வழியை அடைக்கச் செய்யுங்கள்.

நாள் முழுக்கப் பச்சையாகவே பெயிண்ட் ஊற்றியது மாதிரி கிடந்தால் அது வேறு. மைக்ரோசிஸ்டிஸ், உட்கரு இல்லாத பாக்டீரியா வகை. அதுவும் நச்சுதான்.

#16 ஸ்லைடு_அக்கா

மருத்துவ ஆய்வகத்தில் இருக்கிறேன். டீச்சர், பிள்ளைகள் மண்ணைத் தொடுவதால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

சீதபேதி உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவும் இதே உத்தியைத்தான் வைத்திருக்கிறது. நகரும் அமீபா வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும், அதனால்தான் ரத்தமும் சளியுமாகப் போகும் மலத்தை அரைமணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறோம். அதற்குள் பார்த்தால் நம் சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா நகர்வது தெரியும். பரப்புவது சிஸ்ட், அதற்குள் நான்கு உட்கரு. குழாய்த் தண்ணீருக்குப் போடும் குளோரின் அதை நம்பிக்கையாகக் கொல்லாது. கொதிக்க வைத்தால் சாகும்.

இன்னொன்று அகந்தமீபா, மண்ணிலும் தண்ணீரிலும் எங்கும் உண்டு. இரட்டைச் சுவர் சிஸ்ட். மேல்நாட்டில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கருவிழியில் வரும். நம் பக்கம் லென்ஸ் போடாதவர்களுக்கே அதிகம் வருகிறது, கண்ணில் சேறோ, புழுதியோ, அழுக்குத் தண்ணீரோ பட்டு. சிஸ்ட்டாகி ஒளிந்துகொள்வதால் மாதக்கணக்கில் மருந்து போட வேண்டிவரும். மண் பட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, வலியும் சிவப்பும் போகாமல் இருந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். மதுரையில் 1976-இலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவமனையும் இருக்கிறது. பக்கத்தில் வசதி இருந்தும் கை வைத்தியம் பார்த்துப் பார்வையை இழப்பதைக் கேட்கும்போது வேதனையாக இருக்கிறது.

#17 மேலூர்க்காரன்

அக்கா, கேரளால மூளையத் தின்னுற அமீபானு சேதி வந்ததுல இருந்து எங்க பயலுகள கெணத்துல குளிக்க விட வீட்ல பயப்படுறாக. நெசமாவே நம்ம பக்கமும் இருக்குமா?

#18 ஸ்லைடு_அக்கா

அண்ணே, நேக்லீரியா ஃபோலெரி சூடான நன்னீரில் வாழ்வது, 45 டிகிரி வரை தாங்கும். அதனால் நம் ஊர்த் தண்ணீரில் இருக்கவே இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் வருவது மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். அதன் பிழைப்பே பாக்டீரியாவைத் தின்பதுதான், மனிதன் அதற்குத் தேவையில்லை. மூன்று உருவம் எடுக்கும். தின்று பெருகும்போது அமீபா, சத்துக் குறைந்த தண்ணீரில் விட்டால் கசையிழை முளைத்து நீந்தும் உருவம், நிலைமை மோசமானால் சிஸ்ட். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் விட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கசையிழை முளைக்கிறதா என்று பார்த்தே அடையாளம் காண்பதுண்டு.

குடித்தால் வராது. மூக்கில் ஏறினால்தான் வரும், வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போகும். ஆகவே வெயில் காலத்தில் முட்டளவு வெந்நீராகக் கிடக்கும் குட்டையில் குதிக்க வேண்டாம், அடிச் சேற்றைக் கலக்க வேண்டாம், கிணற்றில் குதித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கட்டும். மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும் கழுவட்டும். குளித்த சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி, "தண்ணியில குளிச்சான்" என்று டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். 2024-இல் கோழிக்கோட்டில் ஒரு பையன் பிழைத்ததற்கு, சீக்கிரமே சந்தேகப்பட்டு மருந்தைத் தொடங்கியதும் ஒரு காரணம்.

#19 திருமங்கலம்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று சார் சொன்னபடி மண்ணை நனைத்து மதியமே பார்த்தோம். உருண்டைக்குள் குமிழ் தோன்றி மறைவதை முதலில் கண்டவள் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண். அப்புறம் அவள் ஃபோல்ட்ஸ்கோப்பை யாருக்கும் கொடுக்கவில்லை. கை கழுவுவதும் கண்ணைத் தொடாததும் வகுப்புச் சட்டமாகிவிட்டது.

இந்தக் கிண்ணத்தைக் கொட்டிவிடவா, வைத்திருக்கவா? அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் இதே கம்மாயின் கொல்போடாவைக் காட்ட வழி உண்டா?

#20 துளிநீர்

கொட்டாதீர்கள் டீச்சர். கிண்ணத்தில் உயிர்கள் மொய்க்கும்போது வடிதாள் துண்டுகளை அடியில் போட்டு, மெல்லிய துணியால் மூடி, வெயில் படாத இடத்தில் தானாக வற்றவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்து அவசரப்படுத்த வேண்டாம், சுவர் கட்டி முடிக்கும் முன்பே காய்ந்துவிடும். வற்ற வற்ற இடையில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் நீந்துவது குறைந்து உருண்டைகள் கூடுவது தெரியும், அதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு தாள்களை எடுத்துக் காகித உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆனியில் ஒரு துண்டைக் கத்தரித்து, வைக்கோலை ஊறவைத்துக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் போட்டால் போதும்.

எந்தக் கம்மாய், எந்தத் தேதி என்று உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் கரைந்துவிடும்.